பிழையை விழுங்காதே, பேசவிடு!

நிரல் எழுதுவோர், அதை ரிவ்யூ செய்வோர், குழுத் தலைவர்கள் ஆகியோரிடம், சர்வர் படுத்தால் நள்ளிரவில் எழுப்பப்படும் பணியாளர்கள் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

பிழையே வராத நிரலை நாங்கள் கேட்கவில்லை. டிஸ்க் நிரம்பத்தான் செய்யும். நெட்வொர்க் அறுந்துபோகத்தான் செய்யும். வந்த பிழை தன் காரணத்தோடு எங்களிடம் வந்து சேர வேண்டும் என்றே கேட்கிறோம்.

டொரான்டோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கசாண்ட்ரா, எச்பேஸ், ரெடிஸ் உள்ளிட்ட 5 மென்பொருள்களில் நேர்ந்த 198 செயலிழப்புகளை ஆராய்ந்து 2014-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றுள் பெரும்பாலான பயனர்களைப் பாதித்த பேரிழப்புகளில் 92 விழுக்காடு, மென்பொருளே வெளிப்படையாக அறிவித்த பிழைகளைத் தவறாகக் கையாண்டதால் நேர்ந்தவை.

ஆகவே கோருகிறோம்:

1. வெற்று கேட்ச் பிளாக் எதுவும் ரிவ்யூவைத் தாண்டக் கூடாது. ஒரு பிழையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை என்றால், அதன் காரணத்தை அந்த இடத்திலேயே கமென்ட்டாக எழுத வேண்டும்.

2. ஒவ்வொரு அடுக்கும் தனக்குத் தெரிந்த விவரத்தைச் சேர்த்தே பிழையை மேலே அனுப்ப வேண்டும். "அனுமதி இல்லை" என்று மட்டும் வந்தால் எங்கே தேடுவது? "ஊதியப் பட்டியல் தயாரிப்பு: வரி விகிதக் கோப்பைத் திறத்தல்: அனுமதி இல்லை" என்று வந்தால் நேரே அந்தக் கோப்புக்குப் போவோம்.

3. மூலப் பிழையைத் தொலைக்கக் கூடாது. அதைப் புதிய பிழையோடு பிணைக்கும் வசதி ஜாவாவில் 2002 முதலும், பைத்தானில் 2008 முதலும், கோ மொழியில் 2019 முதலும் இருக்கிறது. பிழைச் செய்தியில் சொற்களைத் தேடி முடிவெடுக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பிழையின் வகையைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். உள்விவரம் வெளியே தெரியக் கூடாது என்றால், சொந்தப் பிழை வகையாக மாற்றித் தர வேண்டும்.

4. ஒரு பிழை ஒரு முறைதான் லாக் ஆக வேண்டும். மேலே அனுப்புவோர் லாக் செய்ய வேண்டாம். கையாண்டு முடிப்பவர் செய்யட்டும். ஒரே பிழை ஐந்து இடங்களில் பதிவானால், ஐந்து பிழைகள் என்று எண்ணி அலைகிறோம்.

5. பயனருக்குப் புரியும் செய்தி வேண்டும். தெராக்-25 கதிர்வீச்சு இயந்திரம் 1986-இல் டெக்சாஸின் டைலர் நகரில் "மால்ஃபங்ஷன் 54" என்று மட்டும் காட்டியது. இயக்குவோர் கையேட்டில் அதற்கு விளக்கம் இல்லை. ஒரு விசையைத் தட்டிச் சிகிச்சையைத் தொடரவும் இயந்திரம் அனுமதித்தது. நோயாளிகள் அளவுமீறிய கதிர்வீச்சால் உயிரிழந்தார்கள். என்ன ஆனது, அடுத்து என்ன செய்யலாம் என்பதைத் திரை சொல்ல வேண்டும். ஸ்டாக் டிரேஸ் லாகில் இருக்கட்டும். பாஸ்வேர்டு இரண்டிலும் வேண்டாம்.

6. பிழை வரும் பாதைக்கும் டெஸ்ட் எழுத வேண்டும். மேற்சொன்ன ஆய்வில் 77 விழுக்காடு செயலிழப்புகளை யூனிட் டெஸ்டிலேயே மீண்டும் வரவழைக்க முடிந்தது.

பழைய நிரல் முழுவதையும் உடனே மாற்றச் சொல்லவில்லை. முதல் கோரிக்கையை இந்த வார ரிவ்யூவிலிருந்தும், மற்றவற்றை இனி எழுதும் ஒவ்வொரு ஃபங்ஷனிலிருந்தும் நடைமுறைப்படுத்துங்கள்.