மலையேற்றமும் வழித்துணையும்

திருச்சிராப்பள்ளியில் வாழும் நமக்கு மலை என்றதும் கண்முன் நிற்பது மலைக்கோட்டைதான். நானூறுக்கும் மேற்பட்ட படிகள். ஏறத்தாழ 83 மீட்டர் உயரம். உச்சியில் நின்றால் காவிரியும், அதற்கப்பால் 1987இல் நிறைவெய்திய 236 அடி உயரத் திருவரங்கத்து இராசகோபுரமும் ஒரே பார்வையில் அகப்படும். இதில் ஏற எவரும் வழிகாட்டியைத் தேடுவதில்லை. ஆனால் இன்றைய இளைஞரின் கனவு இதனோடு நின்றுவிடவில்லை. 2023 மே மாதத்தில் தமிழ்ப்பெண் முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்டு உச்சியை அடைந்த செய்தியை நாம் அனைவரும் பெருமையுடன் படித்தோம். கிளிமஞ்சாரோ, கினபாலு, எவரெஸ்டு அடிவார முகாம் என்னும் பெயர்கள் நம் மாணவர் பேச்சில் இயல்பாக வந்து விழுகின்றன. கூடவே ஒரு வாதமும் எழுகின்றது. கூலி கொடுத்து வழிகாட்டியை அமர்த்திக்கொண்டு ஏறுவது ஏற்றமாகுமா? அந்தப் பணத்தை மிச்சப்படுத்தித் தாமே ஏறினால் என்ன?

அமர்த்தத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. ஆயினும் அதற்குப் பொதுவாகச் சொல்லப்படும் காரணம் நமக்கு நிறைவளிக்கவில்லை. வழி தெரியாது, ஆகவே வழிகாட்டி வேண்டும் என்பர். ஏழு சுற்று மதில்களும் இருபத்தொரு கோபுரங்களும் கொண்ட திருவரங்கம் கோயிலுக்குள் வழிகாட்டி இன்றி நுழையும் வெளிநாட்டுப் பயணி வழி தடுமாறினால், ஒரு சிற்பத்தின் கதையை இழப்பார்; அவ்வளவே. வழியை வரைபடமும் சொல்லும், கைப்பேசியும் சொல்லும். உயர்மலையில் தடுமாறுவது கால் மட்டுமன்று, அறிவும்கூட.

இதனைச் சற்று விரித்துரைக்க வேண்டும். கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரங்கூட இல்லாத ஊர் நம்முடையது. ஏறத்தாழ 2,500 மீட்டரைக் கடந்ததும் மலைநோய் தொடங்கக்கூடும். 5,500 மீட்டர் அளவில், ஒவ்வொரு மூச்சிலும் நமக்குக் கிடைக்கும் உயிர்வளி இங்குக் கிடைப்பதில் பாதிதான். எவரெஸ்டு உச்சியில் மூன்றில் ஒரு பங்கு. நோய் முற்றி மூளை வீங்கும் நிலை வந்தால், நடை தள்ளாடும், பேச்சுக் குழறும். தமக்கு ஒன்றுமில்லை என்று நோயாளியே உறுதியாகச் சொல்வார். உடல் வலிமை மிக்க இளைஞருக்கும் இது நேரும். தம் நிலையைத் தாமே அளக்க இயலாத இடத்தில், அளந்து சொல்ல அம்மலைக்குப் பழகிய ஒருவர் அருகில் வேண்டும். “இறங்கு” என்று சொல்ல ஓர் ஆள் தேவை. அதற்கே அந்தக் கூலி.

துணை கொள்வது இழுக்கு என்னும் எண்ணம் நம் மரபில் எங்கிருந்து வந்தது என்பது விளங்கவில்லை. வழிப்படுத்துதலையே ஓர் இலக்கிய வகையாக்கி, அதற்கு ஆற்றுப்படை என்று பெயரிட்டவர்கள் தமிழர். பத்துப்பாட்டின் இறுதியாக நிற்கும் மலைபடுகடாம் நன்னனின் மலைநாட்டுக்கு வழி கூறுகின்றது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு உறையும் விடர், காவலர் யானைமேல் எறியும் கவண்கல் என ஒவ்வோர் இடரையும் சொல்லி எச்சரிக்கின்றது. வழிகள் பிரியும் இடத்தில், பின்வருவோர்க்கு அடையாளமாகப் புல்லை முடிந்து வைக்கும்படி கூறும் நுட்பமும் அதில் உண்டு. வகுப்பில் இதனை ஐந்து மதிப்பெண் வினாவாகவே கடந்துவிடுகிறோம் என்பது வேறு செய்தி.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் 622இல் மக்காவைவிட்டு மதீனா சென்றபோது, அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் பாலைவழி அறிந்த அப்துல்லாஹ் இப்னு உரைகித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். அவர் அப்போது இஸ்லாத்தைத் தழுவாதவர். தவ்ர் குகையில் மூன்று இரவுகள் கழிந்தபின் ஒட்டகங்களுடன் வந்து, கடற்கரை வழியே அழைத்துச் சென்றார். அங்கே நோக்கப்பட்டவை அவருடைய தொழிலறிவும் நாணயமுமே.

1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா, பாவா ஆதம் மலையைக் காண விரும்பினார். யாழ்ப்பாண மன்னர் ஆரியச் சக்கரவர்த்தி பல்லக்குக் கொடுத்ததோடு, ஆண்டுதோறும் அம்மலைக்குச் செல்லும் வழக்கமுடைய யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், தம் ஆட்கள் பதின்மரையும், உணவு சுமக்கப் பதினைவரையும் உடன் அனுப்பினார். உலகையே சுற்றிய அந்தப் பயணி இதனைத் தம் நூலில் ஒளிக்காமல் எழுதி வைத்தார். 2,243 மீட்டர் மலைக்கே இத்தனை துணை!

எதிர்த்தரப்பில் 1980இல் எவரெஸ்டில் தனித்தேறிய மெஸ்னரைக் காட்டுவர். உயிர்வளி உருளையும் இன்றி ஏறியவர் அவர், மறுப்பதற்கில்லை. ஆனால் ஆல்ப்ஸ் மலைச்சாரலில் பிறந்து, ஐந்து வயதில் ஏறத் தொடங்கியவர். பதினைந்து நாள் விடுப்பில் செல்லும் நம் இளைஞர் அவரைத் தமக்குச் சான்றாகக் கொள்வது பொருந்தாது.

வழிகாட்டி உடன் இருந்தாலே உயிருக்கு உறுதி என்று நாம் கூற வரவில்லை. 1996 மே மாதம் எவரெஸ்டில் புயலில் சிக்கி எண்மர் மாண்டனர். கட்டணம் பெற்று அழைத்துச் சென்ற குழுத்தலைவர் இருவரும் அவருள் அடங்குவர். பிற்பகல் இரண்டு மணிக்குத் திரும்பிவிட வேண்டும் என்னும் வரையறை இருந்தது, அது காக்கப்படவில்லை. பெருந்தொகை கொடுத்து வந்தவரைத் திரும்பச் சொல்ல வழிகாட்டிக்கே தயக்கம் வரும். ஆகவே கூலி கொடுப்போர், அவர் சொல்லுக்குக் கட்டுப்படுவதாக அடிவாரத்திலேயே வாக்களித்துவிட வேண்டும்.

சட்டமும் இப்பக்கம் சாய்ந்துவிட்டது. கிளிமஞ்சாரோவிலும் கினபாலுவிலும் வழிகாட்டி கட்டாயம். நேபாளம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைப்பயணிகளுக்கும் அவ்வாறே விதித்தது. எல்லா இடத்திலும் அது ஒரே கண்டிப்புடன் நடைமுறையாகவில்லை. எவரெஸ்டுக்கான அனுமதிக் கட்டணமும் 2025இல் 11,000 டாலரிலிருந்து 15,000 டாலராக உயர்ந்தது. நம் ஊரிலிருந்து கோலாலம்பூர் செல்வோர் பலர் உளர். மலேசியாவின் கினபாலுவை எண்ணுவோர் 2015 ஜூன் 5ஐயும் எண்ண வேண்டும். அன்றைய நிலநடுக்கத்தில் அம்மலையில் பதினெண்மர் இறந்தனர். வழிகாட்டிகளும் அவர்களுள் இருந்தனர். மேலே சிக்கிய நூற்றுக்கு மேற்பட்டோரை எஞ்சிய வழிகாட்டிகளே கீழே கொண்டுவந்து சேர்த்தனர். நம் மாநிலத்திலும் 2018 மார்ச் 11 குரங்கணிக் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பின்னரே மலைநடைக்கு விதிகள் வந்தன. பழங்குடி இளைஞரை வழிகாட்டிகளாகக் கொண்ட நாற்பது தடங்கள் 2024இல் அறிவிக்கப்பட்டன. அயல்நாட்டுக்குச் செல்லுமுன் இத்தடங்களில் பழகுவது நன்று.

இனி, நம்மில் பலர் கேட்க மறக்கும் ஒன்று. 2014 ஏப்ரல் 18 அன்று எவரெஸ்டுப் பனியருவியில் நேர்ந்த சரிவில் நேபாளத் தொழிலாளர் பதினாறு பேர் மாண்டனர். ஏறவந்தவர்களுக்காக வழி அமைக்கவும் சுமை தூக்கவும் முன்சென்றவர்கள் அவர்கள். குடும்பத்துக்கு அரசு முதலில் அறிவித்த உதவி 40,000 நேபாள ரூபாய். ஷெர்பாக்கள் அந்தப் பருவத்தில் மலையேற மறுத்தனர், நியாயமான மறுப்பு. வழிகாட்டியை அமர்த்துவோர் அவருடைய உயிருக்கும் பொறுப்பேற்கின்றனர். குறைந்த கட்டணம் கூறும் நிறுவனத்தைக் கண்டு மகிழுமுன், அக்குறைவு யாருடைய கூலியில் வெட்டப்பட்டது என்று கேளுங்கள். வழிகாட்டிக்கும் சுமையாளுக்கும் காப்பீடு எவ்வளவு, அவர்கள் அணியும் காலணியும் மேலாடையும் நம்முடையவற்றுக்கு நிகரானவையா, நோயுற்றால் அவர்களையும் ஹெலிகாப்டரில் இறக்குவார்களா என்று எழுத்தில் கேட்டு, எழுத்தில் விடை பெற்ற பின்னரே முன்பணம் அனுப்புங்கள்.