பார்க்கிங்குக்குப் பச்சை பெயின்ட்

கூரையில் சோலார் தகடு, ஆள் இல்லாவிட்டால் தானே அணையும் விளக்கு, மழைநீர்த் தொட்டி, சுவரில் கொடி. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் அடுக்குமாடி கார் பார்க்கிங்குக்கு இப்படி அலங்காரம் செய்து, ‘பசுமைக் கட்டடம்’ என்று பெருமைப்படுகின்றன. சரி சார், உள்ளே வந்து நிற்கப்போவது என்ன, மாட்டு வண்டியா?

விளக்கில் மிச்சம் பிடித்தது வரவு. மாடி மாடியாகக் கொட்டிய சிமென்டும் இரும்பும் கக்கிய புகை? ‘அதான் இடம் இருக்கே’ என்று பஸ்ஸை விட்டுவிட்டுக் காரை எடுப்பவர் விடும் புகை? பற்றை மறைத்து எழுதிய பேரேடு இது. பி.காம். முதல் வருஷப் பையன்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

லாஸ் ஏஞ்சல்ஸில் காருக்குக் கோயில் கட்டாததுதான் பாக்கி. அங்கே யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் 2000-ல் ஒரு காரியம் செய்தது. மாணவர்களும் ஊழியர்களும் அடையாள அட்டையைக் காட்டினால் டவுன் பஸ்ஸில் இலவசம். கட்டணம் பல்கலைக்கழகத்தின் பொறுப்பு. முதல் வருடமே பஸ்ஸில் வருவது 56 சதவிகிதம் கூடியது, தனியாகக் கார் ஓட்டி வருவது 20 சதவிகிதம் குறைந்தது. இதைக் கணக்கெடுத்தவர்களில் ஒருவர், ‘இலவச பார்க்கிங் என்று ஒன்று கிடையாது, யாரோ காசு கொடுக்கிறார்கள்’ என்று வாழ்நாளெல்லாம் வாதாடி 2025-ல் மறைந்த பேராசிரியர் டொனால்ட் ஷூப்.

இதற்காக ஒரு தூண்கூட எழுப்பவில்லை.

முதலில் பஸ் பாஸ் கொடுங்கள். அப்புறமும் இடம் போதவில்லையென்றால் கட்டுங்கள். சோலார் தகட்டை அப்போது மாட்டிக்கொள்ளலாம்.