கணினி காவலிருக்குமா?

நோயாளியின் கால்மாட்டில் தொங்கிய காய்ச்சல் அட்டை போய் அந்த ஸ்தானத்தில் கணினித் திரை வந்துவிட்டால் செவிலியரின் வேலை பாதியாகக் குறைந்துவிடும், பிழைகள் தாமாகவே ஒழிந்துவிடும், பத்துப் பேர் கவனித்த வார்டை ஆறு பேரே கவனித்துக்கொள்ளலாம் என்ற அபிப்பிராயம், மருத்துவமனை நிர்வாகிகளிடமும் அதிகாரிகளிடமும் படித்த பொதுமக்களிடமும் இன்று ஐயத்துக்கு இடமில்லாத சித்தாந்தமாக நிலைபெற்றிருக்கிறது. இது பிழையான அபிப்பிராயம் என்பதும், இதன்படி நடந்தால் நோயாளியின் உயிருக்கே ஹானி விளையக்கூடும் என்பதும் என் துணிபு. அதற்கான காரணங்களைச் சற்று விரிவாகவே எடுத்துரைக்க விரும்புகிறேன்.

யந்திரத்தின்மேல் துவேஷம் கொண்டு இதை எழுதவில்லை. செவிலியர் தொழிலுக்கும் கணக்குக்கும் உள்ள உறவு கணினியைவிட மிகப் பழமையானது. கிரிமியப் போரின்போது 1854-ஆம் ஆண்டு ஸ்கூட்டாரி ராணுவ மருத்துவமனைக்குச் சென்ற பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், போர்க்காயங்களால் மாண்ட சிப்பாய்களைவிடத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் மாண்டவர்களே பன்மடங்கு அதிகம் என்ற உண்மையை 1858-இல் வண்ண வரைபடமாக்கி அரசாங்கத்தின் முன் வைத்தார். மருத்துவமனைகளெல்லாம் ஒரே மாதிரியான கணக்கு முறையைக் கையாள வேண்டும் என்ற அவருடைய யோசனை 1860-இல் லண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளியியல் மாநாட்டில் பரிசீலிக்கப்பட்டது. ஆனால் அதே அம்மையார்தான், 1859-இல் வெளியிட்ட தம்முடைய செவிலியர் நூலில், நோயாளியை உற்றுநோக்குவதற்கென்றே ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, உற்றுநோக்குவது உயிரைக் காப்பதற்காகவேயன்றி விவரங்களைக் குவித்துவைப்பதற்காக அல்ல என்று தெளிவுபடுத்தினார். பார்வை முதல், பதிவு அதன் பின் என்ற இந்த வரிசையை நம் காலம் தலைகீழாக்கிவிட்டது என்பதே என் ஆட்சேபம்.

முதலில், வேலை குறையும் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 36 மருத்துவமனைகளில், செவிலியரின் நேரம் எதெதில் கழிகிறது என்று நிமிஷக் கணக்கில் அளந்த ஆராய்ச்சியொன்று 2008-இல் வெளிவந்தது. ஒவ்வொரு பணிமுறையிலும் பதிவுகள் எழுதுவதற்கு மட்டும் செவிலியர் சராசரியாக ஏறத்தாழ 147 நிமிஷங்களைச் செலவிட்டார்கள். நோயாளியை நேரில் பராமரிப்பதற்கு அவர்களுக்குக் கிட்டியதோ 81 நிமிஷங்கள். நோயாளியின் நிலையைச் சோதித்து அறிவதற்கு 31 நிமிஷங்கள். அடுத்த ஆண்டே, 2009-இல், மின்னணு மருத்துவப் பதிவேடுகளை மேற்கொள்ளும் மருத்துவர்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் ஊக்கத்தொகை வழங்கும் சட்டம் அந்நாட்டில் நிறைவேறியது. பதிவேடு காகிதத்திலிருந்து திரைக்கு மாறிற்று. பதிவின் பாரம் குறைந்ததா என்று அங்குள்ள செவிலியரைக் கேட்டால், இல்லை என்றே பெரும்பாலோர் சொல்வார்கள்.

இதற்குக் காரணம் சூட்சுமமானதன்று. காகிதத்தில் இடம் குறைவு. ஆகவே எதை எழுதுவது, எதை விடுவது என்று யாராவது ஒருவர் யோசித்துத்தான் தீர வேண்டியிருந்தது. கணினித் திரையில் புதிதாக ஒரு கட்டம் சேர்க்கச் செலவே இல்லை என்று தோன்றுகிறது. காப்பீட்டு நிறுவனம் தனக்கு ஒரு கட்டம் கேட்கிறது. வழக்கு வந்தால் சாட்சியமாகட்டும் என்று வழக்கறிஞர் ஒரு கட்டம் கேட்கிறார். தரச்சான்று அளிக்கும் சபை தன் பங்குக்குச் சில கட்டங்களைச் சேர்க்கிறது. கீழே விழும் அபாயத்துக்கு ஒரு மதிப்பெண், படுக்கைப்புண் அபாயத்துக்கு ஒரு மதிப்பெண், வலிக்கு ஒரு மதிப்பெண் என்று தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் நியாயமானதே. அவை அனைத்தையும் எட்டு நோயாளிகளுக்கும் ஒரே இரவில் ஒரே கைதான் நிரப்ப வேண்டும் என்பதைக் கேட்டவர்களில் ஒருவரும் கூட்டிப் பார்ப்பதில்லை. கேட்பவருக்குச் செலவில்லாத அந்தக் கட்டத்தின் விலையை, தண்ணீர் கேட்டுக் காத்திருக்கும் நோயாளியே செலுத்துகிறார்.

இரண்டாவது, பிழை ஒழியும் என்ற வாதம். இதில் உண்மை உண்டு; அதை மறைப்பது நேர்மையாகாது. மருந்துப் பொட்டலத்தின் கோட்டுக் குறியீட்டையும் நோயாளியின் மணிக்கட்டுப் பட்டையையும் ஒளிக்கருவியால் ஒப்பிட்டுப் பார்த்த பிறகே மருந்து கொடுக்கும் முறை பாஸ்டன் நகரத்து மருத்துவமனையொன்றில் அமலானபோது, நேரந்தவறுதல் நீங்கலான மருந்துப் பிழைகள் நூற்றுக்கு 11.5-இலிருந்து 6.8-ஆகக் குறைந்தன என்று 2010-இல் வெளியான ஆராய்ச்சி நிரூபித்தது. இந்த முறையின் மூலக் கருத்து ஒரு செவிலியின் மனத்தில் உதித்தது என்பதும் நினைவில் வைக்கத் தக்கது. கான்ஸாஸ் மாநிலத்தின் டொபீக்கா நகரில், படைவீரர் மருத்துவமனையில் பணியாற்றிய சூ கின்னிக் என்பவர், வாடகைக் கார் நிலையத்தில் கோட்டுக் குறியீட்டைக் கொண்டு கார்களைச் சரிபார்ப்பதை 1992-இல் கண்டு, காருக்குச் செய்யும் இதனை நோயாளிக்கும் மருந்துக்கும் செய்யலாகாதா என்று கேட்டார். நோயாளியின் அருகே நின்று பழகியவருக்கு எழுந்த கேள்வி அது.

ஆனால் அதே கருவி, வார்டின் நடைமுறையை அறியாதவர்களால் திணிக்கப்பட்ட இடங்களில் என்ன ஆயிற்று? மின்கலம் தீர்ந்துபோகிறது, பட்டையின் மை அழிந்துபோகிறது, மருந்துப் பொட்டலத்தின் குறியீட்டைக் கருவி வாசிக்க மறுக்கிறது, தூங்குகிற நோயாளியின் கை போர்வைக்குள் கிடக்கிறது. இத்தகைய தடைகளினால் செவிலியர் கையாண்ட 15 வகைக் குறுக்குவழிகளை 2008-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்று தொகுத்தளித்தது. நோயாளியின் பட்டைக்கு ஒரு நகல் எடுத்து மருந்து வண்டியிலும் கதவு நிலையிலும் ஒட்டிவைத்து, அதையே வாசிக்கச் செய்து கணினியைத் திருப்திப்படுத்தியதும் அவற்றில் ஒன்று. அந்த இரவுகளில் எல்லாப் பதிவுகளும் பிழையற்றவையாகவே திரையில் காட்சியளித்திருக்கும். ஒப்பிட வேண்டிய மனிதரை மட்டும் யாரும் ஒப்பிடவில்லை.

இன்னும் கடுமையான படிப்பினை பிட்ஸ்பர்க் நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் கிடைத்தது. மருத்துவர்கள் ஆணைகளைக் கணினி வழியாகவே பிறப்பிக்கும் முறை அங்கே 2002-இன் இறுதியில் புகுத்தப்பட்ட பின், வேறு மருத்துவமனைகளிலிருந்து கொண்டுவரப்பட்ட குழந்தைகளிடையே மரணம் நூற்றுக்கு 2.80-இலிருந்து 6.57-ஆக உயர்ந்ததாக 2005-இல் அம்மருத்துவமனையின் மருத்துவர்களே எழுதினார்கள். முன்பெல்லாம் ஆபத்தான நிலையில் ஒரு குழந்தை வழியில் வந்துகொண்டிருக்கும்போதே மருந்துகள் தயாராகத் தொடங்கும். புதிய முறையிலோ குழந்தை வந்து சேர்ந்து பதிவான பிறகே ஆணையிட முடிந்தது. குழந்தையைச் சூழ்ந்து நிற்க வேண்டிய கணத்தில் மருத்துவர்களும் செவிலியரும் திரையை நாட நேர்ந்தது. மறு ஆண்டு சியாட்டில் நகரக் குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து வெளிவந்த ஆராய்ச்சி, அங்கே இத்தகைய முறை அமலான பின் மரணம் உயரவில்லை என்று தெரிவித்தது. ஆகவே உயிரைக் காப்பதும் போக்குவதும் மென்பொருள் தானாகச் செய்யும் காரியமல்ல; அதைச் சுற்றி மனிதர்களின் வேலை எவ்விதம் அமைக்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே எல்லாம் நிகழ்கிறது.

அமைப்பு தவறும்போது பழி எங்கே விழுகிறது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும். 2017 டிசம்பரில் நாஷ்வில் நகரில், பரிசோதனைக்கு முன் மன அமைதி தரும் மருந்து பெற வேண்டிய மூதாட்டி ஒருவருக்கு, தசைகளை முடக்கிச் சுவாசத்தையே நிறுத்தும் வேறொரு மருந்து செலுத்தப்பட்டு அவர் மாண்டார். கணினிப் பூட்டுள்ள மருந்துப் பெட்டகத்தில் செவிலி மருந்துப் பெயரின் முதலிரண்டு எழுத்துக்களைத் தட்டினார். வேண்டிய மருந்து அகப்படவில்லை. அவசரத்துக்கென உள்ள மீறல் வழியைக் கையாண்டபோது அதே எழுத்துக்களில் தொடங்கும் விபரீத மருந்து வந்தது. புட்டியின்மேல் இருந்த எச்சரிக்கையை அவர் வாசிக்கவில்லை; அது பெருங்குற்றமே, அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் அந்த மீறல் வழி அக்காலத்தில் தங்களுக்கு அன்றாட வழக்கமாகியிருந்தது என்றும் அவர் விசாரணையில் சொன்னார். 2022-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளியாகத் தீர்த்தது. பெட்டகத்தை அவ்விதம் அமைத்தவர்களில் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

மூன்றாவதாக, யந்திரம் இடையறாது கண்காணிக்கும், மனிதக் கண் அயர்ந்தாலும் அது அயராது என்ற வாதம். குருதியில் தொற்று பரவி உறுப்புகள் செயலிழக்கும் செப்சிஸ் என்னும் ஆபத்தை முன்கூட்டியே உரைக்கும் என்று அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான மருத்துவமனைகளில் நிறுவப்பட்ட ஒரு மென்பொருளை மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் சோதித்து, அது செப்சிஸ் கண்டவர்களில் மூன்றில் இரு பங்கினரைத் தவறவிட்டதென்றும், அதே சமயம் அனுமதிக்கப்பட்ட நோயாளிகள் அனைவரிலும் நூற்றுக்கு 18 பேருக்கு எச்சரிக்கை ஒலித்ததென்றும் 2021-இல் வெளியிட்டனர். ஓயாமல் ஒலிக்கும் மணிகளுக்குச் செவி மரத்துப்போவதும் மனித இயல்பே. 2009 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை எச்சரிக்கை மணிகள் தொடர்பாகத் தன்னிடம் தெரிவிக்கப்பட்ட 98 சம்பவங்களில் 80 மரணத்தில் முடிந்தன என்று அந்நாட்டின் மருத்துவமனைத் தரச்சான்றுக் கூட்டு ஆணையம் 2013-இல் எச்சரித்தது.

இதற்கு எதிர்முனையில் நிற்கும் ஓர் உதாரணத்தை, யந்திரத்தை நம்புவோரும் அவநம்பிக்கை கொண்டோரும் ஒருங்கே சிந்திக்க வேண்டும். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் ‘கன்சர்ன்’ என்ற பெயரில் உருவாக்கிய எச்சரிக்கை முறையை இரண்டு மருத்துவ அமைப்புகளின் 74 வார்டுகளில் சோதித்து, அதன் பயனை 2025-இல் வெளியிட்டார்கள். மரண அபாயம் நூற்றுக்கு 35-க்கு மேல் குறைந்திருந்தது. அந்த முறை எதை ஆதாரமாகக் கொள்கிறது தெரியுமா? செவிலி வழக்கத்துக்கு மாறாக எத்தனை முறை நாடி பார்த்தார், நள்ளிரவில் கேட்காமலே ஏன் ஒரு குறிப்பு எழுதினார், கொடுக்க வேண்டிய மருந்தை ஏன் நிறுத்திவைத்தார் என்பவற்றையே அது கூர்ந்து வாசிக்கிறது. ரத்த அழுத்தமும் காய்ச்சலும் மாறுவதற்கு முன்னரே, இந்த மனிதர் சரியாக இல்லை என்று அனுபவமுள்ள செவிலியின் உள்ளம் கலங்கும் அந்தக் கலக்கமே அந்த யந்திரத்தின் ஞானம். செவிலியரைக் குறைத்தால் அந்தக் கலக்கம் எழுவதற்கே நேரமிராது. அது எழாத வார்டில் எத்தனை உயர்ந்த கணினியும் குருடாகவே இருக்கும். வேலி போட்டாகிவிட்டதென்று காவல்காரனை அனுப்பிவிட்ட தோட்டத்துக்கு என்ன கதியோ அதுவே அந்த வார்டுக்கும்.

ஆட்களைக் குறைப்பதன் விளைவும் ஊகமாக நிற்கவில்லை. பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளை ஆராய்ந்த லிண்டா ஐக்கனும் அவருடைய குழுவினரும், ஒரு செவிலியின் பொறுப்பில் கூடுதலாகச் சேரும் ஒவ்வொரு நோயாளிக்கும், அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் 30 நாட்களுக்குள் மாளும் வாய்ப்பு நூற்றுக்கு 7 வீதம் உயர்கிறது என்று 2002-இல் காட்டினார்கள். 2014-இல் ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளிலும் அதே அளவு தென்பட்டது.

நம் நாட்டில் இந்த விவாதம் இப்போதுதான் தொடங்குகிறது. தமிழகத்தின் கிராமச் சுகாதாரச் செவிலியர், கர்ப்பிணியின் இல்லம் தேடிச் சென்று ரத்தச்சோகையையும் கால் வீக்கத்தையும் கண்டறிவதற்கென்றே நியமிக்கப்பட்டவர். சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 மக்கள் என்பது விதி. கர்ப்பிணியை அரசுக் கணினியில் பதிந்து அதற்கு அடையாளமான பிக்மி எண் பெற்றுத் தருவதும், அதன் தொடர்ச்சியாகச் சோதனைகளையும் பிரசவத்தையும் தடுப்பூசிகளையும் கணினியில் ஏற்றுவதும் இன்று அவருடைய கடமைகளாகிவிட்டன. ஒரு கர்ப்பிணியும் கணக்கிலிருந்து விடுபடலாகாது என்ற நோக்கம் உத்தமமானது. ஆனால் திரையில் கட்டம் நிரம்பியிருக்கிறதா என்று மேலதிகாரி கேட்கும் கேள்வி, அந்தப் பெண்ணின் முகம் வெளுத்திருந்ததா என்ற கேள்வியை விழுங்கிவிடுமானால், பிட்ஸ்பர்க்கில் நேர்ந்தது நம் ஊர்களிலும் வேறு ரூபத்தில் நேரத் தடையில்லை.

அப்படியானால் காகிதத்துக்கே திரும்பிவிடலாமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். திரும்ப வேண்டாம். நாடிக்கருவி காட்டும் எண் செவிலியின் கைபடாமலே பதிவேட்டில் ஏறட்டும். ஒருமுறை எழுதியதை மறுமுறை எழுதும் கொடுமை ஒழியட்டும். மருந்துச் சரிபார்ப்பு எங்கும் பரவட்டும். ஆனால் எந்த மென்பொருளை வாங்கும் முன்னும் வார்டில் இரவுப்பணி செய்யும் செவிலியர் அதைச் சோதித்து ஒப்பம் தர வேண்டும். புதிதாக ஒரு கட்டம் சேர்க்க விரும்புகிறவர் பழைய கட்டம் ஒன்றை நீக்க வேண்டும். கணினியைக் காரணம் காட்டி ஒரு செவிலியர் பணியிடத்தையும் குறைக்கலாகாது. ஆண்டு முடிவில் எத்தனை பதிவுகள் ஏறின என்று எண்ணுவதை விட்டு, நோயாளியின் அருகில் செவிலியர் நிற்கும் நேரம் எத்தனை நிமிஷம் கூடியது என்று அளந்து, கூடவில்லையானால் அந்த ஏற்பாட்டைத் தோல்வி என்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். மருத்துவமனைகளை நடத்துவோரும் அவற்றுக்குப் பணம் ஒதுக்குவோரும் இந்த ஓர் அளவுகோலை ஏற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். நாளை அந்தப் படுக்கைகளில் கிடக்கப்போகிற நாமெல்லோரும் அதை அவர்களிடம் வற்புறுத்திக் கேட்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.