நிறம் கூறுஞ் சான்று

தமிழ் பயில்வானொருவன் இரசாயனத்தைப்பற்றி எழுதப் புகுதல் சிலர்க்கு நகை விளைக்கலாம். எனினும் சொல்லின் பொருளை இடம் நோக்கித் துணிய வேண்டுமென்று கற்றவன், நிறத்தின் பொருளையும் அவ்வாறே துணிக என்று கூறுதல் மிகையாகாது.

ஏறத்தாழ 7,000 அடி உயரத்துள்ள கோடைக்கானலில், வேலியோரங்களிலும் பூங்காக்களிலும் ஹைட்ராஞ்சியா கொத்துக்கொத்தாய்ப் பூத்து நிற்பதைப் பலரும் கண்டிருப்பர். லிட்மஸ் தாள் அமிலத்திற் சிவக்கும், காரத்தில் நீலமாகும் என்று உருப்போட்ட மாணவன், அதன் நீலப்பூவைக் கண்டவுடன் 'இம்மண் காரமுடையது' என்பான். உண்மை இதற்கு நேர்மாறு. மலையிற் பெய்யும் பெருமழை மண்ணிலுள்ள சுண்ணச் சத்தைக் கரைத்துக்கொண்டு போகின்றது. எஞ்சிய மண் அமிலத்தன்மை எய்துகின்றது. அம்மண்ணில் அலுமினியம் கரைந்து, வேர்வழியே ஏறிப் பூவின் சாயத்தோடு கூட, நீலம் பிறக்கின்றது. சுண்ணாம்பு மிகுதியாய் இட்ட பாத்தியில் அலுமினியம் எளிதிற் கரையாமையின் பூ இளஞ்சிவப்பாய் மலரும். வெண்பூச் சாதியோ எம்மண்ணிலும் நீலமாவதில்லை. ஆகவே லிட்மஸ் விதியை இப்பூவிற் பொருத்துவோன் சுண்ணாம்பு வேண்டிய நிலத்திற்கு அதனை மறுத்து விடுவான். அழகுச்செடியாயின் போகட்டும், கோசும் பீன்ஸும் விளைப்போனுக்கு அஃது ஓராண்டு உழைப்பின் நட்டம்.

நம் வீட்டு மஞ்சள் இதற்கு உதவாதோ எனின், அது பாதிச் சான்றே. ஆரத்தி கரைக்கும் தாய்மார் யாவரும் அறிந்தவாறு, சுண்ணாம்பு கூடின் அது சிவக்கும். எலுமிச்சைச் சாற்றிலும் தூய நீரிலுமோ மஞ்சளாகவே இருக்கும். மலைமண்ணில் அது மாறாமை கண்டு 'குறையில்லை' என்று துணிதல், வாய் திறவாத சாட்சியை வைத்துத் தீர்ப்பெழுதுவது போலாம். (காரம் என்ற சொல்லும் மயக்கந் தருவதே, மிளகாயின் காரம் வேறு, சுண்ணாம்பின் காரம் வேறு. இதனைத் தமிழாசிரியரே தெளிவுறுத்தலாம்.)

1664இல் வெளிவந்த தம் நூலில், இராபர்ட் பாயில் என்பார் வயலட் பூவின் சாறு அமிலத்திற் சிவத்தலையும் காரத்திற் பசுமையாதலையும் எழுதினார். அவர் தம் நாட்டுப் பூவைக் கையாண்டார். நம் பள்ளிகளோ லிட்மஸ் தாளொன்றையே நீட்டி, இரண்டு வரியை மனப்பாடஞ் செய்விக்கின்றன. சங்குப்பூவையும் செம்பருத்தியையும் செங்கோசையும் மஞ்சளோடு ஒருங்கு வைத்துச் சோதிப்பித்தால், ஒவ்வொன்றும் வெவ்வேறு எல்லையில் நிறமாறுதலைப் பிள்ளைகள் தாமே காண்பர்.

மண்ணின் அமிலம் எலுமிச்சையினது போல் வலியதன்று. அதனை அளந்தறிய, 1909இல் டென்மார்க்கில் சோரென்சன் வகுத்த பி.எச். எண் வேண்டும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்படி உழவர் பெறும் அட்டையில் அவ்வெண் உண்டு. மலையூர்ப் பிள்ளைகள் தத்தம் வீட்டு அட்டையைப் பள்ளிக்குக் கொணர்ந்து, அதன் பொருளை ஆசிரியரிடம் கேட்டறிந்து, தந்தையார்க்குப் படித்துக் காட்டுமாறு செய்தல் வேண்டும்.