வீட்டுக் கம்ப்யூட்டர்கள் கூடி இழுத்த தேர்

இரவு மணி 10. பிள்ளைகள் பாடம் முடித்து உறங்கப் போய்விட்டார்கள். மேஜை மேல் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது.

நோய்க்கு மருந்து தேடும் விஞ்ஞானிக்கு அந்தக் கம்ப்யூட்டர் உதவ முடியுமா?

முடியும். உதவியும் இருக்கிறது. ஒருவர் இருவர் அல்ல. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தங்கள் கம்ப்யூட்டர்களை இப்படிக் கொடுத்து உதவினார்கள்.

சங்கிலியும் மடிப்பும்

நம் உடலில் ஆயிரக்கணக்கான புரதங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு நீண்ட சங்கிலி போன்றது. அது சரியானபடி மடிந்து சுருண்டால்தான் வேலை செய்யும். தவறாக மடிந்தால் தொல்லைதான். மறதியைத் தரும் அல்சைமர், கை நடுக்கத்தைத் தரும் பார்க்கின்சன் ஆகிய நோய்களுக்கும் இந்தத் தவறான மடிப்புக்கும் தொடர்பு உண்டு.

மடிப்பு நடப்பது நொடிப் பொழுதில். ஆனால் அதை அணு அணுவாகக் கணக்குப் போட்டுப் பார்க்க ஒரே ஒரு கம்ப்யூட்டரை நம்பினால் ஆண்டுக் கணக்கில் காத்திருக்க வேண்டும்.

இதற்கு அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் விஜய் பாண்டே ஒரு வழி கண்டார். 2000-ம் ஆண்டு அக்டோபரில் "போல்டிங் அட் ஹோம்" என்ற திட்டம் தொடங்கியது. "வீட்டிலிருந்தே மடிப்பு" என்பது இதன் பொருள்.

கல்யாண வீட்டு வேலை

கல்யாண வீட்டில் ஒரு மூட்டை வெங்காயம் உரிக்க வேண்டும். ஒருவர் உரித்தால் விடிந்துவிடும். ஐம்பது பேர் உட்கார்ந்தால் அரை மணியில் முடிந்துவிடும். அதே கதைதான் இதுவும்.

பெரிய கணக்கைச் சிறு சிறு துண்டுகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் இண்டர்நெட் வழியாக ஒரு வீட்டுக்குப் போகிறது. அங்குள்ள கம்ப்யூட்டர் அதைப் போட்டு முடித்து, விடையைத் திருப்பி அனுப்புகிறது. உடனே அடுத்த துண்டு வருகிறது.

செய்த வேலைக்குப் புள்ளி உண்டு. நண்பர்களோ, ஒரு குடும்பத்தாரோ, ஒரு கல்லூரி மாணவர்களோ குழுவாகச் சேரலாம். எல்லோருடைய புள்ளியும் குழுவின் கணக்கில் சேரும். எந்தக் குழு முந்துகிறது என்று போட்டியும் நடக்கும். கபடிக் குழுவின் உற்சாகம் அதில் உண்டு!

வேலை தீர்ந்தது!

2020-ம் ஆண்டு கொரோனா வந்தது. மக்கள் வீட்டுக்குள் அடைந்தார்கள். "நம்மால் என்ன செய்ய முடியும்?" என்று ஏங்கியவர்களுக்கு இந்தத் திட்டம் ஒரு வழி காட்டியது.

அதுவரை சுமார் 30 ஆயிரம் கம்ப்யூட்டர்கள்தான் வேலை செய்துகொண்டிருந்தன. சில வாரங்களில் லட்சக் கணக்கில் பெருகின. வேலை கேட்டு நின்ற கம்ப்யூட்டர்களுக்குக் கொடுக்க வேலை போதவில்லை! விஞ்ஞானிகள் திணறிப் போனார்கள்.

1 என்று எழுதி, அதன் பின்னால் 18 பூஜ்யம் போடுங்கள். ஒரு விநாடியில் அத்தனை கணக்குகள்! மார்ச் மாதத்திலேயே இந்தக் கூட்டம் அந்த வேகத்தைத் தாண்டியது. அப்போது உலகத் தரப்பட்டியலில் முதலிடத்தில் இருந்த "சம்மிட்" கம்ப்யூட்டரும் இதற்குப் பின்னால்தான். தனி ஒரு கம்ப்யூட்டர் அந்த வேகத்தைத் தொட்டுப் பட்டியலில் ஏறியது 2022-ம் ஆண்டு மே மாதத்தில்.

பலன் என்ன? கொரோனா கிருமியின் மேல் உள்ள முள் போன்ற புரதம் எப்படி வாய் திறந்து நம் உயிரணுவைப் பற்றுகிறது என்பது கணக்கில் தெரிந்தது. கிருமியின் புரதங்களில் மருந்து போய் ஒட்டக்கூடிய மறைவான குழிகள் 50-க்கு மேல் புலப்பட்டன. 2021-ல் இந்த ஆராய்ச்சி வெளியானது.

குழி தெரிந்ததும் மாத்திரை வந்துவிடாது. மருந்தின் பாதை நீண்டது. ஆனால் எங்கே தேடுவது என்று தெரிவதே பாதி வெற்றி.

கிடைத்ததும் கிடைக்காததும்

எல்லாத் தேடலும் பலிப்பதில்லை. 1999-ல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் "செட்டி அட் ஹோம்" தொடங்கியது. வேறு உலக மனிதர்கள் ரேடியோவில் பேசுகிறார்களா என்று தேடுவது அதன் வேலை. 50 லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். 2020 மார்ச்சில் வீடுகளுக்கு வேலை அனுப்புவது நின்றது. அதுவரை எந்தக் குரலும் அகப்படவில்லை.

"ஐன்ஸ்டீன் அட் ஹோம்" என்பது இன்னொரு திட்டம். 2010-ல் அமெரிக்காவில் ஒரு கணவன்-மனைவியின் கம்ப்யூட்டரும், ஜெர்மனியில் ஒருவரின் கம்ப்யூட்டரும் அதுவரை யாரும் அறியாத ஒரு நட்சத்திரத்தைக் காட்டிக் கொடுத்தன. அது விநாடிக்கு 41 தடவை சுழல்கிறது!

செலவு யாருடையது?

"சும்மா இருக்கும் சக்தியைத்தானே கொடுக்கிறோம்" என்கிறார்கள். அது முழு உண்மை அல்ல. சும்மா இருக்கும் கம்ப்யூட்டர் குறைந்த மின்சாரம்தான் குடிக்கும். கணக்குப் போட்டால் கூடுதலாகக் குடிக்கும்.

100 வாட் கூடினால் 10 மணி நேரத்துக்கு ஒரு யூனிட். தினமும் அப்படி ஓடினால் மாதம் 30 யூனிட். கம்ப்யூட்டர் சூடாகும், விசிறி தேயும். விஞ்ஞானிக்கு இலவசம், வீட்டுக்கு அல்ல.

ஆகவே இதைத் தானம் என்றே எண்ண வேண்டும். எத்தனை மணி நேரம் கொடுக்கலாம் என்று வீட்டில் கூடிப் பேசி முடிவு செய்யலாம். திட்டத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் புரோகிராமை எடுக்க வேண்டும். அலுவலகக் கம்ப்யூட்டரில் அனுமதி இல்லாமல் தொடவே கூடாது.

இன்னொன்றும் உண்டு. கொரோனா பயம் குறைந்ததும் கூட்டமும் குறைந்தது. அல்சைமரும் புற்றுநோயும் இன்னும் குறையவில்லை. அவற்றுக்கான கணக்குகள் காத்திருக்கின்றன.

ஊர் கூடித் தேர் இழுப்பது நமக்குப் புதிதல்ல. தேர் புறப்படும்போது வடம் பிடிக்கக் கூட்டம் முண்டியடிக்கும். ஆனால் அது நிலைக்கு வந்து சேரும்வரை வடத்தை விடாதவர்களால்தான் திருவிழா நிறைவேறுகிறது.