திருச்சிக்கு ரிப்பன்... அமேதிக்கு ஆர்டரா?

"அரசு ஃபேக்டரில துப்பாக்கி ஒழுங்கா செய்யத் தெரியாது, அதனாலதான் வெளிநாட்டுல வாங்குறோம்." இப்படி ஒரு ஃபார்வர்டு உங்க குரூப்புக்கும் வந்திருக்கும். அனுப்பினவருக்கு இந்தப் பதிவைத் திருப்பி அனுப்புங்க. ரெண்டு நிமிஷம்தான் ஆகும் 👇

முதல்ல ஒரு சின்ன கணக்கு. உங்க தலைமுடியோட தடிமன் சுமார் 70 மைக்ரான். ஒரு ரைபிளோட போல்ட், பேரல், ரிசீவர் பொருந்துற பல இடங்கள்ல அதைவிடக் குறைவான பிசகுக்குத்தான் அனுமதி. சுடும்போது சேம்பருக்குள்ள இருக்கிற அழுத்தம் 3,000 வளிமண்டல அழுத்தத்துக்கும் மேல. அளவு தப்பினா துப்பாக்கி ஜாம் ஆகும், தோட்டா உறை கிழியும், எல்லையில நிக்கிற ஜவான் கையிலயே வெடிக்கக்கூட செய்யலாம்.

சரி, கோடி ரூபாய்க்கு சிஎன்சி மெஷின் வாங்கிப் போட்டா இந்தத் துல்லியம் தானா வந்துடுமா?

வராதுங்க. நான் மெக்கானிக்கல் முடிச்சிட்டு கோவையில ஒரு ஜாப் ஒர்க் பட்டறையில ஷிஃப்ட் பார்த்தவன். 100 மில்லிமீட்டர் ஸ்டீல் பீஸ் 10 டிகிரி சூடானாலே ஏறக்குறைய 12 மைக்ரான் நீளும். காலையில சரியா வந்த அளவு மதியம் தப்பும். டூல் தேயத் தேய அளவு நகரும். அதைப் பார்த்து ஆஃப்செட் மாத்துற ஆபரேட்டர் ஒரே நாள்ல உருவாக மாட்டார். ஃபிக்சர், புரோகிராம், கேஜ் எல்லாத்துக்கும் முதல்லயே பெரிய செலவு. அந்தச் செலவை ஆயிரம் பீஸ்ல பிரிச்சா ஒரு விலை, லட்சம் பீஸ்ல பிரிச்சா வேற விலை.

ஆர்டர் இருந்தாத்தான் கை பழகும். கை பழகினாத்தான் துல்லியம் வரும்.

இப்போ தேதிகளைப் பாருங்க:

🔹 1966: திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை தொடக்கம்.
🔹 2019 ஜனவரி 20: அதே திருச்சியில பாதுகாப்புத் தொழில் வழித்தட விழா. சென்னை, கோவை, சேலம், ஓசூர், திருச்சின்னு அஞ்சு ஊர் பேரும் சொன்னாங்க. கைதட்டினோம்.
🔹 2019 பிப்ரவரி: 72,400 சிக் சாவர் ரைபிள்களுக்கு அமெரிக்க நிறுவனத்தோட ஒப்பந்தம். காரணம், "அவசரத் தேவை".
🔹 2019 மார்ச் 3: உ.பி. அமேதி மாவட்டம் கோர்வாவில் ஏகே-203 தொழிற்சாலையைப் பிரதமர் திறந்து வைக்கிறார்.
🔹 2021 அக்டோபர் 1: 41 ஆயுதத் தொழிற்சாலைகள் 7 கம்பெனிகளா பிரிப்பு. திருச்சிக்குத் தலைமையகம் இப்போ கான்பூர்.
🔹 2021 டிசம்பர்: 6 லட்சத்துக்கும் அதிகமான ஏகே-203 ரைபிள்களுக்கு ஒப்பந்தம். தயாராகும் இடம் கோர்வா.
🔹 2024 ஆகஸ்ட்: மறுபடியும் 73,000 சிக் சாவர்.

அஞ்சு வருஷம் கழிச்சும் அதே "அவசரம்" தீரலையா?

இன்னொண்ணு தெரியுமா? ஏகே-203 சுடுற அதே 7.62x39 தோட்டாவைச் சுடுற ரைபிளைத் திருச்சி ஏற்கெனவே செஞ்சு வச்சிருக்கு. பேரே "திருச்சி அசால்ட் ரைபிள்".

இன்சாஸ் மேல ராணுவ வீரர்கள் புகார் சொன்னாங்களே? ஆமா, சொன்னாங்க. அதை மூடி மறைக்க வேண்டாம். ஆனா தரம் குறைஞ்சா மெஷினை மாத்தணும், பரிசோதனையைக் கடுமையாக்கணும், ஆளுக்குப் பயிற்சி கொடுக்கணும். தொழிலாளிக்குத் திறமை இல்லைன்னு முத்திரை குத்தி, ஆர்டரை வேற ஊருக்கு அனுப்புறது தீர்வா?

அமேதி தொழிலாளி மேல நமக்கு எந்தக் கோபமும் இல்லை. அவரும் நம்மைப் போல உழைக்கிறவர்தான். நம்ம கேள்வி டெல்லியில கையெழுத்துப் போடுறவங்களுக்கு.

நம்ம கோரிக்கை மூணே மூணு:

1️⃣ திருச்சிக்கு வருஷக்கணக்குல நீடிக்கிற உறுதியான ஆர்டர்.
2️⃣ உதிரிபாக வேலையில வழித்தடத்தின் அஞ்சு ஊர் சிறு பட்டறைகளுக்கும் நேரடிப் பங்கு.
3️⃣ சிஎன்சி கன்ட்ரோலரை இங்கேயே உருவாக்கும் ஆராய்ச்சிக்கு நிதி. துப்பாக்கி நம்மது, அதைக் கடையுற மெஷினோட மூளை மட்டும் ஜப்பானோடதும் ஜெர்மனியோடதும்னா, அதுக்குப் பேர் சுயசார்பா?

உங்க தொகுதி எம்.பி.யை டேக் பண்ணி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "விழா முடிஞ்சிடுச்சு, ஆர்டர் எப்போ?"

பகிருங்கள். லேத்துக்கு முன்னாடி நிக்கிற ஒவ்வொரு தம்பிக்கும் தங்கைக்கும் இது போய்ச் சேரட்டும்.

#ஆர்டர்_எப்போ #திருச்சிக்கு_நீதி