விழுங்கிய மாத்திரை எங்கே போனது?

காசநோய்க்கு மருந்து சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் தணியவில்லை, எடை ஏறவில்லை என்றால் வீட்டார் முதலில் கேட்பது, “மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா?” என்பதுதான். கிளினிக்கில் தாதியின் கண்முன்னே தினமும் விழுங்குபவரைக்கூடச் சிலர் சந்தேகிப்பார்கள். ஆனால் வயிற்றுக்குள் போன மருந்தெல்லாம் இரத்தத்தில் சேர்ந்துவிடுவதில்லை. எச்.ஐ.வி. தொற்றும் உள்ளவர்களிடம் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

மருந்தைப் பெரும்பாலும் உறிஞ்சிக்கொள்வது சிறுகுடல். எச்.ஐ.வி. முற்றும்போது குடலின் உட்சுவர் பழுதுபடுகிறது. எதிர்ப்பாற்றல் குறைவதால் வேறு கிருமிகளும் அங்கே பெருகி, நாள்பட்ட வயிற்றுப்போக்கு வரலாம். அப்போது உணவின் சத்தோடு மருந்தும் வீணாகும்.

சென்னை காசநோய் ஆராய்ச்சி மையம் இதை ஆராய்ந்து 2004இல் முடிவுகளை வெளியிட்டது. ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் ஆகிய இரு முக்கிய மருந்துகளைக் கொடுத்து, சிறுநீரில் எவ்வளவு வெளியேறுகிறது என்று அளந்தார்கள். உடலில் சேர்ந்தால்தானே சிறுநீரில் வரும்? எச்.ஐ.வி.யோடு வயிற்றுப்போக்கோ காசநோயோ இருந்தவர்களிடம் அந்த அளவு குறைந்திருந்தது.

எல்லா நோயாளிக்கும் இப்படி நேர்வதில்லை. நேர்ந்தால், அரைகுறை மருந்தில் கிருமி சாகாமல் தப்பி, அந்த மருந்துக்கே அடங்காததாக மாறக்கூடும். எச்.ஐ.வி. உள்ளவர்கள் காசநோய் மருந்தை இடைவெளி விட்டு அல்லாமல் தினமும் எடுக்க வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுவதற்கு, இந்த ஆபத்தும் ஒரு காரணம்.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு. ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கு 1 மணி நேரம் முன்போ 2 மணி நேரம் கழித்தோ போடுவது நல்லது. ரொட்டி சானாயும் தே தாரேக்கும் முடித்த கையோடு வேண்டாம். குமட்டினால் மருத்துவரிடம் வழி கேளுங்கள். வயிற்றுப்போக்கு, வாந்தி, நெஞ்செரிச்சலுக்குச் சாப்பிடும் மருந்து எதையும் அவரிடம் மறைக்காதீர்கள். நீங்களாக அளவைக் கூட்டாதீர்கள்.

எச்.ஐ.வி. இருப்பதையும் சொல்லியே ஆக வேண்டும். ரிஃபாம்பிசின், எச்.ஐ.வி. மருந்துகள் சிலவற்றின் வேகத்தைக் குறைத்துவிடும். டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை ஒரு வேளைக்குப் பதில் இரு வேளை தருவது இதனால்தான்.

சிகிச்சை பொதுவாக 6 மாதம். அதற்குள் முன்னேற்றம் தெரியாவிட்டால், வீட்டில் விசாரணை நடத்துவதைவிட அவரோடு மருத்துவமனைக்குத் துணையாகப் போங்கள். மருந்து உடலில் சேர்கிறதா என்று கேளுங்கள்.